பேஸ் கிட்டாரும் பழுப்புத் தூசியும்

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவர்கள் இரண்டு பேர், கீபோர்டு, டிரம்ஸ், இவ்வளவுதான் ஜனங்கள் கண்ணில் படும். பின்னால் ஒருவன் நீளக் கழுத்துள்ள கிட்டாரை மாட்டிக்கொண்டு நான்கு கம்பிகளை நோண்டிக்கொண்டிருப்பான். அவன் வாசிப்பது கேட்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவன் நிறுத்திவிட்டால் மட்டும் பாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கடைசி வரிசைக்குக்கூடத் தெரிந்துவிடும். அந்த ஒருவனாக நெய்வேலியில் பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன். அதற்குக் கூலி டீயும் பொரிகடலையும், எப்போதாவது தோளில் போர்த்துகிற ஒரு துண்டு.

சம்பளத்துக்குப் பார்த்த வேலை மைன்ஸில், பெல்ட் மெயின்டனன்ஸ். வெட்டியெடுத்த மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு நீள நீளமாக ஓடுகிற ரப்பர் பெல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் அதை இழுக்கிற பெரிய மோட்டார்கள். அங்கே பக்கத்து ஆளிடம் ஸ்பேனர் கேட்க வேண்டுமென்றால் அவர் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும். காதுக்குள் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பு கொடுத்துத்தான் இருந்தார்கள். நான் போட்டதே இல்லை. எனக்கு என் காதின்மேல் அவ்வளவு திமிர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டால் போதும், உள்ளே குண்டு தேய்ந்துவிட்டதா, கிரீஸ் வற்றிவிட்டதா என்று சொல்லிவிடுவேன். வேறு ஷிஃப்டிலிருந்துகூட ஆள் அனுப்பி என்னைக் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட காதை நானே அடைத்துக்கொண்டு நிற்பதாவது! அடைப்பு இரண்டும் லாக்கரில் சோப்புக்கட்டியோடு கிடந்தன.

எனக்குக் கோபம் அதிகம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் இந்தக் கோபமும்தான் கொண்டுவந்தேன். பெட்டி துருப்பிடித்துப் போய்விட்டது.

எங்கள் மெல்லிசைக் குழுவில் எட்டுப் பேர். எல்லோரையும் சொல்லிக்கொண்டிருந்தால் கதை நகராது. இரண்டு பேரைச் சொல்கிறேன். கீபோர்டு வாசித்தவர்தான் தலைவர். பவர் ஹவுஸில் மீட்டர்களைப் பழுது பார்க்கிற இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு. ஏசி அறையில் உட்கார்ந்து சின்னச் சின்னத் திருகாணிகளோடு வேலை செய்கிறவர், குரலை உயர்த்தவே மாட்டார். டிரம்மர் உள்ளூர்க்காரர். பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சாம்பல் அள்ளும் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். என்னைவிட நான்கு வயது சின்னவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பேஸும் டிரம்ஸும் ஒரே மூச்சில் போக வேண்டியவை என்பதால் குழுவில் எனக்கு மிக நெருக்கம் அவர்தான். நான் அதிகம் திட்டியதும் அவரைத்தான்.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேஸ் கிட்டாரின் சத்தத்தில் பாதி மரத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது. நடுவே ஓர் எஃகுக் கம்பி ஓடும். அதன்மேல் இன்னொரு கம்பியை மோட்டார் காயில் சுற்றுவதுபோல் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். அந்தச் சுற்றுக் கம்பி எந்த வடிவம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ரிப்பன் மாதிரித் தட்டையாக இருந்தால் கம்பி வழுவழுவென்று இருக்கும், விரல் ஓசையில்லாமல் நழுவும், சத்தம் தடித்து உருண்டு வரும். வருஷக்கணக்கில் மாற்ற வேண்டாம். சுற்றுக் கம்பி உருண்டையாக இருந்தால் மேலே வரிவரியாக இருக்கும். சத்தம் மணியடித்தாற்போல் தெறிக்கும், விரல் நகரும்போதெல்லாம் சர் சர் என்று இழுபடும். வரிகளுக்கு நடுவே வியர்வையும் அழுக்கும் ஏறி, சில மாதத்தில் தெறிப்பு அடங்கிவிடும். கறுப்பு நைலான் நாடா சுற்றிய கம்பி ஒன்றும் உண்டு. அது இன்னும் மெத்து.

என் கிட்டார் மெட்ராஸில் பழசாக வாங்கியது. அதோடு வந்தது தட்டைக் கம்பி. ஆறு வருஷம் அதையே வாசித்தேன். ஒவ்வொரு சுரமும் தேவைக்கு மேல் நீண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியதால், என் மனைவியின் பழைய ஹவாய் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி, கம்பிகள் முடிகிற இடத்தில் அடியில் செருகினேன். ரப்பர் தொட்டதும் சுரம் பிறந்த இடத்திலேயே அடங்கியது. பறை மேளத்தை உள்ளங்கையால் அமுக்கினாற்போல ‘தும் தும்’ என்று ஓர் அடி. தலைவர் அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “அந்தச் செருப்பு பழசு இல்ல, கால்ல போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள் மனைவி.

எண்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் பயிற்சியில் என் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. மழுங்கிப்போய், போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் மேல் சத்தத்தை, அதாவது மெல்லிய கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற டிரெபிள் குமிழைத் திருப்பினேன், கொஞ்சம் தெளிந்தது. அடுத்த மாதம் அதுவும் போதவில்லை.

காரணம் தேட நான் சிரமப்படவில்லை. டவுன்ஷிப்பில் எது கெட்டாலும் பழி தூசி மேல்தான். ரேடியோ கரகரத்தால் தூசி, குழந்தை இருமினால் தூசி, ரசம் புளித்தால்கூட யாராவது தூசி என்பார்கள். கொடியில் காய்கிற வெள்ளை வேட்டியை உதறினால் பழுப்பாகப் பறக்கிற ஊர். கம்பியின் சுற்றுக்குள் நிலக்கரித் தூசி ஏறி உட்கார்ந்துகொண்டது என்று முடிவு கட்டினேன். நான்கு கம்பிகளையும் கழற்றி, இட்லிப் பானையில் சலவை சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். தண்ணீர் பழுப்பாக மாறியது. “பாத்தியா? பாத்தியா?” என்று மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவள் பானையைப் பார்த்தாளே தவிர தண்ணீரைப் பார்க்கவில்லை. “இனிமே இட்லி நீங்கதான் சுடணும்” என்றாள். ஒரு வாரம் எனக்கு இட்லி கிடையாது.

கொதிக்க வைத்தும் திருப்தி இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரரின் மச்சானிடம் சொல்லி உருண்டைக் கம்பி வரவழைத்தேன். செருப்புத் துண்டைக் கழற்றிவிட்டு மாட்டி வாசித்த முதல் நாள், அடடா, போர்வை விலகியது! அன்று பாடகர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டே மாதத்தில் அதுவும் எனக்கு மழுங்கியது. மறுபடியும் பானை, மறுபடியும் சோடா, மறுபடியும் சண்டை. இந்தத் தடவை பானையை நானே தனியாக வாங்கினேன்.

பிறகு தலைவரிடம் ஒரு பெட்டி செய்து தரச் சொன்னேன். அலுமினியப் பெட்டிக்குள் இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, காலால் மிதிக்கிற சுவிட்ச். ஒரு குமிழைத் திருப்பினால் கனத்த கீழ்ச் சத்தத்தைத் தடுத்து மேல் சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கும். இன்னொரு குமிழைத் திருப்பினால் சத்தம் கிழிந்து ‘கர்’ரென்று வரும், வெளிநாட்டுக் குழுக்களில் கிட்டாருக்குப் பயன்படுத்துகிற வித்தை அது. “பேஸுக்கு இது வேண்டாம் சார், அடி போயிடும்” என்று செய்யும்போதே தலைவர் சொன்னார். நான் கேட்டால்தானே. இரண்டு குமிழையும் முக்கால் வட்டம் திருப்பி வைத்துக்கொண்டு வாசித்தேன். தலைவர் சொன்னபடி அடி போயிற்று. எனக்கு அது தெரியவில்லை. மேல் சத்தம் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் கீழே என்ன குறைகிறது என்று யார் பார்த்தார்கள்.

டிரம்மரையும் விடவில்லை. “யோவ், அந்த ஜோடித் தாளத்த அடிக்கவே மாட்டேங்குற? பாட்டுல உயிரே இல்ல” என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கத்தினேன். டிரம்ஸில் இடது பக்கம் காலால் திறந்து மூடுகிற இரட்டைப் பித்தளைத் தட்டைத்தான் சொல்கிறேன்.

“அடிச்சிக்கினுதான இருக்கறேன் அண்ணே” என்றார் அவர்.

“என் காதுல விழுற மாதிரி அடி.”

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். மனைவி வாய்க்குள்ளேயே முனகுகிறாள் என்று எரிந்து விழுவேன். “சத்தமாப் பேசித் தொலையேன்” என்பேன். அவள் சத்தமாகப் பேசினால், “எதுக்கு இப்பக் கத்துற?” என்பேன்.

ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தலைவர் வாயைத் திறந்தார். எங்கள் ஊரில் ஆயுத பூஜையைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. ஒவ்வொரு பிரிவிலும் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். அன்று மாலை பெரிய மைதானத்தில் எங்கள் கச்சேரி. வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை முழு ஊரும் பார்க்கிற நாள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. பேஸ் தகரத்தத் தட்டுற மாதிரி இருக்கு. பாடுறவங்களுக்குக் கீழ தரையே இல்ல. ஆயுத பூஜைக்குள்ள இது சரியாகணும். இல்லேன்னா கடலூர்ல ஒருத்தர் வாசிக்கிறார், அவரைக் கூப்பிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க.”

எனக்குக் கண் சிவந்துவிட்டது. “ஏசி ரூம்ல உக்காந்து உக்காந்து உங்க காது கெட்டுப் போச்சு சார். என் காதக் கேட்டுத்தான் மைன்ஸ்ல பெல்ட்டே ஓடுது. உங்களுக்கெல்லாம் பேஸ்னா என்னன்னு தெரியுமா?” என்று இன்னும் என்னென்னவோ கத்திவிட்டு, கிட்டாரை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

எவ்வளவு பயந்தேன் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை. மைன்ஸில் எனக்கு ஒரு நம்பர். குவார்ட்டர்ஸுக்கு ஒரு நம்பர். பஸ் பாஸுக்குக்கூட நம்பர்தான். பிளாக்கில் யாராவது என்னை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் “அந்த பேஸ் கிட்டார்காரர் வீடு” என்பார்கள். அந்த இடம் போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில் மைத்துனன் துபாயிலிருந்து லீவில் வந்து எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தான். முள் கிடையாது, எண்கள் ஓடும். அப்போது அது பெரிய பவிசு. ஷிஃப்டில் பத்துப் பேர் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் டீ கொடுக்க வந்த மனைவி முகத்தைச் சுளித்தாள்.

“ஏங்க, அந்த வாட்ச நிறுத்த வழி இல்லையா? மணிக்கு மணி கீச்சு கீச்சுன்னு. பிள்ளை தூக்கத்துல எந்திரிச்சிடுது.”

“இது சத்தமே போடாதே.”

“விளையாடாதீங்க.”

நான் விளையாடவில்லை. அவளுக்கும் அது புரிந்துவிட்டது. இருவரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம். ஐந்து ஐம்பத்தெட்டு. கடிகாரத்தைக் கழற்றி வலது காதில் வைத்துக்கொண்டேன். வாசலில் கம்பெனி பஸ் நின்று போகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. மனைவி என் கையிலிருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடிச்சிடுச்சு” என்றாள்.

எதுவும் கேட்கவில்லை. அடுத்த மணிக்கு இடது காதில் வைத்தேன். மனைவி இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

எழுந்துபோய்க் கிட்டாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துவந்தேன். பீரோவில் ஒரு காகித உறையில் பழைய தட்டைக் கம்பிகள் சுருட்டி வைத்தபடி இருந்தன. இரண்டு கம்பியைத் தட்டையாகவும் இரண்டை உருண்டையாகவும் மாட்டினேன். “நான் வாசிக்கிறேன். எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு. என்ன சொன்னாலும் கோவப்பட மாட்டேன்” என்றேன். கல்யாணமான எட்டு வருஷத்தில் பாட்டைப் பற்றி நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

உருண்டைக் கம்பியை, பெட்டியை மிதித்துக்கொண்டு வாசித்தேன். எனக்கு அது தெளிவாக, அழகாக இருந்தது. “எவர்சில்வர் தட்டைக் கரண்டியால சுரண்டுற மாதிரி இருக்கு. பல்லு கூசுது” என்றாள். பெட்டியைக் கழற்றிவிட்டு, செருப்புத் துண்டைச் செருகி, தட்டைக் கம்பியை வாசித்தேன். எனக்குத் தலையணையைத் தட்டுகிற சத்தம்தான் கேட்டது. “இது நல்லா இருக்கு. வயித்துல வந்து விழுது. விரல் படுறதுகூடத் தெரியுது” என்றாள். விரல் படுவது! அது எனக்குக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன், பிடிபடவில்லை.

“எப்பலேர்ந்து இப்படிச் சுரண்டுது?”

“ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லிட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது?”

கம்பியின்மேல் ஒரு தப்பும் இல்லை. தூசிமேலும் இல்லை. மழுங்கிப்போனது என் காது. கீழ்ச் சத்தமெல்லாம் பழையபடி கேட்டுக்கொண்டிருந்ததால், போனது தெரியவே இல்லை. மேல் சத்தம் மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிருக்கிறது. நான் என் காதுக்குப் போதுமான அளவு ஏற்றியதெல்லாம் மற்றவர்கள் தலையில் போய் இடித்திருக்கிறது.

அடுத்த வாரமே மைன்ஸில் ஃபோர்மனிடம் சொல்லிவிட்டேன். ஒரு பேரிங்கை நான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அது பெல்ட்டோடு யாரையாவது இழுத்துக்கொண்டு போனால் என்ன செய்வது? அதில் வீம்பு பிடிக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றார்கள். என்னை ஒர்க் ஷாப்புக்கு மாற்றினார்கள்.

ஆனால் குழுவில் சொல்ல வாய் வரவில்லை. வேலையில் காது போனால் வேறு வேலை உண்டு. காது போனவனுக்குக் குழுவில் என்ன இடம் இருக்கிறது? நான்கு தட்டைக் கம்பியையும் மாட்டி, செருப்புத் துண்டைச் செருகி, பெட்டியை பீரோவுக்கு மேலே போட்டேன். ஆம்ப்ளிஃபயர் குமிழ்களை மனைவி சொன்ன இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். பயிற்சிக்குப் போய், “கம்பி மாத்திட்டேன்” என்று மட்டும் சொன்னேன். வாசித்தேன். தலைவர் ஒரு நிமிஷம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “இதுதான் சார்” என்றார். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை அன்று மாலை நான்கரை மணிக்கு மைதானத்தில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேடை ஏறி ஆம்ப்ளிஃபயரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. வாடகைக்கு வந்த வேறு ஆம்ப்ளிஃபயர். குமிழ்களும் வேறு, எண்களும் வேறு. என் சாக்பீஸ் கோடு வீட்டில் இருந்தது. மூடிய கூடத்தில் சரியாக இருக்கிற சத்தம் திறந்த வெளியில் எப்படிப் போகும் என்று நல்ல காது இருக்கிறவனே இறங்கிப் போய்க் கேட்டுத்தான் சொல்ல முடியும். மனைவியோ பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு ஆறு மணிக்குத்தான் வருவாள். குமிழைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது பக்கமா, வலது பக்கமா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கச்சேரி மட்டும் இந்தக் குமிழால் கெட்டால் அடுத்த நாளே கடலூர்க்காரர் வந்துவிடுவார்.

டிரம்மர் பக்கத்தில் தட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போனேன். வேறு வழி இல்லை.

“யோவ், ஒண்ணு சொல்லணும். எனக்கு மேல் சத்தம் கேக்கல. காது போயிடுச்சு. கீழ எறங்கி நின்னு, டிரெபிள் எங்க வைக்கணும்னு நீதான் சொல்லணும்.”

அவர் நிமிரக்கூட இல்லை. “தெரியும் அண்ணே” என்றார்.

“என்னது?”

“போன வருசம் தாளம் உயிரே இல்லன்னு திட்டினீங்களே, அப்பவே தெரியும். அன்னியிலேர்ந்து ரெண்டு பங்கு இழுத்து அடிச்சிக்கினு இருக்கறேன், உங்களுக்கு வேணும்னு. பாருங்க.” உள்ளங்கையைக் காட்டினார். கட்டைவிரலுக்கு அடியில் தடித்துக் காய்த்திருந்தது. “பாடறவரு நா மோசமா அடிக்கறேன்னு சொல்லிக்கினு இருக்கறாரு. பரவால்ல, வுடுங்க.”

அந்தக் காய்ப்பைத் தொட்டுப் பார்த்தேன். “எங்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா?”

“சொன்னா அடிக்க வருவீங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மேடையிலிருந்து குதித்தார்.

காலி நாற்காலிகளுக்கு நடுவே போய் நின்று கையைக் காட்டினார். நான் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கையைத் தாழ்த்தினார்; குறைத்தேன். இன்னும் தாழ்த்தினார். என் காதில் சத்தம் செத்தே போயிற்று. இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினேன். கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி நின்று, இரண்டு கையையும் தூக்கினார்.

அன்று வாசித்த மாதிரி நான் வாசித்ததில்லை என்று பல பேர் சொன்னார்கள். பாடகர் முதல் பாட்டு முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இந்தத் தடவை நிஜமாகவே ரசித்துத்தான். எனக்கு என்னவோ இரண்டரை மணி நேரம் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்த ஞாபகம்தான் இருக்கிறது. என் விரல் சரியான இடத்தில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், டிரம்மரின் வலது கால் மிதிக்கிற பெரிய மேளம் தரை வழியாக என் செருப்புக்குள் வரும். அந்த இரண்டை மட்டும் நம்பி வாசித்தேன்.

முடிந்து இறங்கும்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து கையைக் குலுக்கினார். “ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. தட்டைக் கம்பிங்களா?” என்றார். தோளில் நீளமான கான்வாஸ் உறை தொங்கியது. உள்ளே என்ன என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கடலூர்க்காரர். கச்சேரி முழுக்க மேடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

நேராகத் தலைவரிடம் போனேன். திட்டத்தான் போனேன், ஆனால் அவர் முன்னால் நின்றபோது திட்டு வரவில்லை. “சார், எனக்குக் காது கேக்கல. கம்பியில ஒண்ணும் இல்ல, என் காதுலதான். இன்னைக்கு நல்லா இருந்ததுன்னா அது டிரம்மர் காது. நீங்க கடலூர் ஆளையே வெச்சுக்கிட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவர் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“காது போனதுக்காக உங்கள மாத்தணும்னு யாரு சார் நெனச்சா? அது எங்க எல்லாருக்கும் ஒரு வருஷமாத் தெரியும். இன்ஸ்ட்ருமென்ட்காரன் சார் நான், டிரெபிள் டிரெபிள்னு நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியாதா? ‘கொஞ்சம் கொறைங்க’ன்னு ரெண்டு வார்த்தை சொன்னா முடிஞ்சிருக்கும். அந்த ரெண்டு வார்த்தைய உங்ககிட்ட சொல்றதுக்கு மத்த ஏழு பேர்ல ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. நான் ஒரு தடவ வாயத் தெறந்ததுக்கே கத்திட்டுப் போயிட்டீங்க. அதுக்குத்தான் அவரக் கூப்பிட்டோம்.”

இத்தனை நாள் எனக்கு வராத வெட்கம் அன்று வந்தது. மைதானத்தில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தூரத்தில் காத்துக்கொண்டு நின்றாள். ஒரு வருஷம், வீட்டிலும் வெளியிலும், எத்தனை பேர் என்னிடம் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் போயிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. காதுக்கு மருந்து இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோதுகூட நான் இவ்வளவு உடையவில்லை.

என் இடத்துக்குக் கடலூர்க்காரர் வரவில்லை. அதற்குப் பிறகு நான்கு வருஷம் நானே வாசித்தேன். தலைவர் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: டிரெபிள் குமிழ் டிரம்மரின் சொல்படிதான் திரும்ப வேண்டும். சேத்தியாத்தோப்புக் கோயில் திருவிழாவாக இருந்தாலும் சரி, பிளாக்கில் ஒரு காதுகுத்தாக இருந்தாலும் சரி, வாசிக்கும் முன்பு அவர் கீழே இறங்கிப் போவார், கையைத் தாழ்த்துவார், நான் குறைப்பேன். அந்த நான்கு வருஷத்தில் அவரை ஒரு தடவைகூட நான் திட்டவில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை திட்டினேன். இரண்டு தடவையும் அவர் சொன்ன அளவுக்குக் குறைத்துவிட்டுத்தான் திட்டினேன்.